பாலம் உனக்காகக் காத்திருக்காது!

இன்னும் எத்தனை நாள் அந்தப் பாலத்தைச் சும்மா கடந்து போகப் போகிறாய்?

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறுகிறாய். சிந்தாமணி தாண்டியதும் காவிரிப் பாலம். பக்கத்தில் ரயில் பாலம், எதிரே ஸ்ரீரங்கத்துத் தென்னைகள், திரும்பினால் மலைக்கோட்டை. அந்த நேரத்தில் உன் கண் எங்கே இருக்கிறது?

போனில்! ஊர் பேர் தெரியாத யாரோ எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்!

அதே போனில் கேமரா இருக்கிறது. அதை ஜன்னல் பக்கம் திருப்ப உனக்கு என்ன தடை?

"என்கிட்ட நல்ல கேமரா இல்லையே!"

இதுதானே முதல் சாக்கு? வா, 1858-ஆம் வருஷத்துக்குப் போவோம்.

லின்னேயஸ் டிரைப் என்று ஒரு ராணுவ கேப்டன். விடுப்பில் இங்கிலாந்து போன இடத்தில் போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டவர். பிறகு சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர் ஆனார். திருச்சிக்கு ரயிலே வராத காலம். மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தார்.

மெழுகு பூசிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். ரசாயனம் தடவித் தயார் செய்துதான் கேமராவுக்குள் வைக்க வேண்டும். நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். காற்று அடித்தால் மரம் கலங்கிவிடும். வானத்தில் மேகம் இருந்தாலும் படத்தில் விழாது. மனிதர் விட்டாரா? நெகட்டிவின் மேல் கையாலேயே மேகத்தைத் தீட்டினார்!

திருச்சி வெயிலில், திருச்சித் தூசியில் நின்று மலைக்கோட்டையை எடுத்தார். ஸ்ரீரங்கத்தை எடுத்தார். 2015-இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவருடைய படங்களுக்கென்றே கண்காட்சி நடத்தியது.

உன் சட்டைப்பையில் இருப்பது அந்த மனிதர் கனவிலும் காணாத கருவி. இருட்டில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றாகச் சேர்த்துத் தெளிவாகத் தருகிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு கேமரா இல்லை என்கிறாயே!

துணிச்சல் இல்லை என்று சொல். அதையாவது ஒப்புக்கொள்ளலாம்.

"சரி, நாளைக்கு எடுக்கலாம். பாலம் எங்க போயிடப் போகுது?"

எங்கே போய்விடுமா? கொள்ளிடம் ஆற்றைக் கேள்!

1928-இல் கட்டிய இரும்புப் பாலம் அங்கே நின்றது. 2016-இல் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தார்கள். பழையது ஓய்வுக்குப் போனது. எல்லோரும் உன்னைப்போலத்தான் நினைத்தார்கள்: அது அங்கேயேதானே இருக்கும்?

2018 ஆகஸ்ட். கொள்ளிடம் கரைபுரண்டு ஓடியது. தொண்ணூறு வருஷம் நின்ற பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் முக்கொம்பில், 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் மதகுகளும் உடைந்து போயின.

அந்த இரும்புச் சட்டங்களுக்கு நடுவே சாயங்கால வெயில் நுழையும் அழகை எடுத்து வைத்தவர்களிடம் இன்று படம் இருக்கிறது. எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனவர்களிடம் என்ன இருக்கிறது?

காவிரிப் பாலம் மட்டும் நிரந்தரமா? 1976-இல் திறந்த பாலம் அது. அதற்கு முன் வேறு ஒரு பாலம் அந்த வேலையைச் செய்தது. 2022-இல் பராமரிப்புக்காக மூடினார்கள். 2023 மார்ச்சில் திறந்தார்கள். நாள் முழுக்க ஹாரன் கேட்டுக்கொண்டே இருக்கும் பாலம் அந்த மாதங்களில் எப்படிக் கிடந்தது! எடுத்தாயா?

அதன் பிறகு அதை ஒட்டியே இன்னொரு பாலத்துக்கும் வேலை தொடங்கியது. நீ இன்று பார்க்கிற ஆறு, இந்த உருவத்தில், உன் பிள்ளைக்குக் கிடைக்காது. இதற்கு மேலும் உனக்கு நாளை வேண்டுமா?

எழுந்திரு. விடிகாலையில் கிளம்பு!

ஸ்ரீரங்கம் கரைக்குப் போ. தெற்கே பார்த்து நில். இடப்பக்கமிருந்து வெயில் ஏறும். மலைக்கோட்டையின் ஒரு பக்கம் வெளிச்சம் வாங்கும், மறுபக்கம் நிழலில் நிற்கும். பாறைக்கு அப்போதுதான் உடம்பு வரும். அதே இடத்துக்கு மாலையில் வா. வெயில் வலப்பக்கம் மாறியிருக்கும். காலையில் இருட்டாக இருந்த பக்கம் இப்போது தங்கமாக நிற்கும்.

உச்சி வெயிலில் எடுத்துவிட்டு "படம் தட்டையா இருக்கு, எனக்கு வராது" என்று புலம்பாதே! உனக்கு வராமல் இல்லை. நீ சரியான நேரத்தில் போகவில்லை. விடியலில் எழுவது திறமையா? மனசு!

இனி இரவு. பலர் பின்வாங்குவது இங்கேதான்.

பாலத்தின் மேல் டிரைபாடை விரிக்கிறாய். மலைக்கோட்டை மேல் விளக்குகள். ஷட்டரைப் பத்து விநாடி திறக்கிறாய். ஏழாவது விநாடியில் ஒரு பஸ் வருகிறது. பாலத்தின் இணைப்பில் அதன் சக்கரம் ஏறி இறங்குகிறது. உன் காலுக்கடியில் ஓர் அதிர்வு. அவ்வளவுதான்! விளக்குகள் எல்லாம் இரட்டைக் கோடுகள். மலைக்கோட்டை கலங்கிவிட்டது.

உடனே டிரைபாடை மடிக்கிறாய். வீட்டுக்குப் போகிறாய். இதுதான் உன் தோல்வி! கலங்கிய படம் தோல்வி அல்ல.

அந்தப் படத்தைப் பார்! அது உனக்குப் பாடம் சொல்கிறது. பாலத்தின் மேல் நின்று பாலத்தை வெல்ல முடியாது என்கிறது. இறங்கு. கரைக்குப் போ. படித்துறையின் கல்லில் டிரைபாடை ஊன்று. கல் ஆடாது.

டிரைபாட் இல்லையா? கரையின் கைப்பிடிச் சுவரில் போனைச் சாய்த்து வை. டைமரை இரண்டு விநாடிக்கு வை, உன் விரல் தொடும் அதிர்வுகூடப் படத்தில் விழாது. கேமராவா? ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 8, ஷட்டர் பத்து முதல் முப்பது விநாடி. பாலத்தில் ஓடும் வண்டிகள் மறைந்து, அவற்றின் விளக்குகள் மட்டும் சிவப்பும் வெள்ளையுமாய் நீண்ட கோடுகளாக நிற்கும்.

நேரம் முக்கியம். நன்றாக இருட்டிய பிறகு போகாதே! சூரியன் மறைந்து இருபது, முப்பது நிமிடத்துக்குள் வானம் கருநீலமாக இருக்கும். தெருவிளக்கும் எரியத் தொடங்கியிருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் வானமும் விளக்கும் ஒரே படத்தில் அடங்கும். டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனால் திரும்புவதற்குள் முடிந்துவிடும்.

பிரஸ்ஸாய் என்று ஒருவர் பாரிஸில் இருந்தார். ஹங்கேரிக்காரர். முப்பது வயதை ஒட்டித்தான் கேமராவைக் கையில் எடுத்தார். இரவெல்லாம் அந்த நகரத்தின் பாலங்களிலும் சந்துகளிலும் அலைந்தார். ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரத்தைக் கணக்காக வைத்துக்கொள்வாராம்! 1933-இல் வெளிவந்த அவருடைய 'இரவில் பாரிஸ்' புத்தகத்தை உலகம் இன்றும் புரட்டிப் பார்க்கிறது.

உன் கேமராவுக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது. உனக்கு என்ன குறை?

"யாராவது ஏதாவது கேட்டா?"

கேட்கட்டுமே! "எதுக்குத் தம்பி போட்டோ எடுக்கறே?" என்று ஒரு பெரியவர் கேட்டால் சிரித்துக்கொண்டே பதில் சொல்: "நம்ம ஊரு பாலம் ஐயா, எடுத்து வெச்சுக்கறேன்." அவரே உனக்கு நல்ல இடம் ஒன்றைக் காட்டுவார். தங்கை, உனக்கும் இதுதான். ஒரு தோழியை அழைத்துக்கொண்டு போ. ஆனால் போகாமல் இருக்காதே!

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். அம்மா மண்டபம் படித்துறையில் குளிப்பவர்கள் இருப்பார்கள், தர்ப்பணம் கொடுப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதே. கேள். சம்மதித்தால் எடு. வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகர். பயப்படாமல் இருப்பது வேறு, மரியாதை இல்லாமல் இருப்பது வேறு.

"இந்தப் பாலத்தைத்தான் எல்லாரும் எடுத்தாச்சே!"

எந்தப் பாலத்தை? கோடையில் மணல் திட்டும் நாணலுமாகக் கிடக்கும் ஆற்றின் மேல் நிற்பதையா? ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணை திறந்து, சில நாள் கழித்துப் புதுத்தண்ணீர் நுரைத்து வரும்போது நிற்பதையா? ஆடிப் பெருக்கன்று படித்துறை முழுக்க மஞ்சளும் காதோலை கருகமணியுமாக இருக்கும்போது நிற்பதையா? விளக்கின் பிம்பம் விழத் தண்ணீர் வேண்டும், மணலில் விழாது. ஒரே பாலம் வருஷத்துக்குள் எத்தனை பாலம்!

நீ ஒரு நாள் எடுத்துவிட்டு வந்து முடிந்தது என்கிறாய்.

மலைக்கோட்டை ஏறு. நானூறு படிக்கு மேல். மூச்சு வாங்கட்டும்! உச்சிப்பிள்ளையார் சந்நிதிப் பக்கம் நின்று வடக்கே பார். ஆறு, பாலம், தென்னை, அதற்கு அப்பால் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம்.

236 அடி. அது எப்போது முடிந்தது தெரியுமா? 1987-இல்! அதற்கு முன் நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. இனி யார் கட்டப்போகிறார்கள் என்று ஊரே கைவிட்ட வேலை. அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர், முதிர்ந்த வயதில், 1979-இல் அதைக் கையில் எடுத்தார். எட்டே வருஷம். பதின்மூன்று நிலை!

அந்தக் கோபுரத்தையும் பாலத்தையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கிப் படம் எடுக்க உனக்கு வேண்டியது ஒரு மாலை நேரம். அதைக்கூடத் தரமாட்டாயா?

முதல் படம் மோசமாக வரும். எடு! பத்தாவதும் சுமாராகத்தான் வரும். எடு! கோணல் எங்கே, கலங்கல் எங்கே என்று உன் கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும் வரை எடு. அழித்துவிடாதே, தேதி போட்டு வை. யாரும் லைக் போடவில்லை என்றால் போகட்டும்.

இன்று சாயங்காலம் ஐந்தரைக்குப் போனை முழுசாக சார்ஜ் போட்டு எடுத்துக்கொள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறு. பாலம் தாண்டியதும் மாம்பழச்சாலையில் இறங்கிக் கரைக்கு நட!