தலைமகன் நீங்கிய அணி

ஓர் அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரன் அதனை விட்டு நீங்கிய பின் அவ்வணியின் எதிர்காலம் யாது என்னும் வினா, முதல் நோக்கில் விளையாட்டுத் திடலோடு முடிந்துவிடும் சிறு வினாவாகவே தோன்றும். வெற்றி தோல்விகளைக் கணக்கிடுவோர் அதற்கு எளிதில் விடை கூறிவிடுவர். ஆயினும் அவ்வினாவினுள் வேறொரு வினா அடங்கியுள்ளது. ஒருவரின் ஆற்றலில் பலர் தங்கி நிற்பது எந்த அளவுக்கு முறையானது? அவர் நீங்கும்போது எஞ்சியோர் இழப்பது அவருடைய ஆற்றலை மட்டுமா, அன்றித் தம்முள் இருந்தும் தாம் ஒருபோதும் வளர்த்துக்கொள்ளாத ஆற்றலையுமா? இவ்வாறு நோக்குமிடத்து இது அறவியல் சார்ந்த வினாவாகிவிடுகின்றது. மலையகத்தைப் பொறுத்தவரை இது வரலாறு சார்ந்த வினாவும் ஆகும்.

ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் அமைந்த ஒரு கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணியை எடுத்துக்காட்டாகக் கற்பித்துக்கொள்ளலாம். ஐவர் ஆடும் அவ்வணியில் ஒருவன் ஏனையோரிலும் உயரமானவன். விரைவும் குறி தவறாத கையும் உடையவன். பந்து எவர் கையில் கிடைப்பினும் ஈற்றில் அவனையே சென்றடையும். அணி வெற்றிமேல் வெற்றி பெறுகின்றது. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் அவன் கொழும்புக்குப் பயணமாகின்றான். பல்கலைக்கழகத்துக்காகவும் இருக்கலாம், லயத்தில் இருக்கும் குடும்பத்தின் பொருட்டு ஒரு கடையில் வேலை பார்ப்பதற்காகவும் இருக்கலாம். அடுத்த ஆண்டு அதே களத்தில் பழைய நால்வரும் புதிய ஒருவனும் நிற்கின்றனர். பந்தைப் பெற்றவன் அதனை எறிவதற்கு முன் ஒரு கணம் தயங்கி, இல்லாத ஒருவனைத் தேடுகின்றான். அந்த ஒரு கணத்திலே எதிரணியினர் பந்தைப் பறித்துச் செல்கின்றனர்.

அணியின் தோல்விக்குக் காரணம் அவன் இல்லாமையா, இந்தத் தயக்கமா என்பதே இங்கு ஆராயத்தக்கது. உயரமான ஆட்டக்காரன் இருந்த காலத்தில் ஏனைய நால்வருக்கும் ஒரு வசதி இருந்தது. முடிவெடுக்கும் பொறுப்பும், குறி தவறினால் வரும் பழியும் அவர்களைச் சாரவில்லை. தங்கி நிற்பதில் உள்ள இன்பம் இதுவே. இந்த இன்பம் மனிதனை மெல்ல மெல்ல வலுவிழக்கச் செய்யினும், வெற்றி கிடைத்துக்கொண்டிருக்கும் வரை அவ்வலுவின்மை எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. ஆகவே தலைமகனின் பிரிவு குறையொன்றைப் புதிதாக உண்டாக்கியது என்பதிலும், முன்பே இருந்த குறையை வெளிப்படுத்தியது என்பதே பொருந்தும்.

உலகறிந்த சான்றொன்று இதனை விளக்க உதவும். 1972 ஆம் ஆண்டு கண்டியில் பிறந்து, அந்நகரின் புனித அந்தோனியார் கல்லூரியிலே பந்துவீசப் பழகிய முத்தையா முரளிதரனின் பாட்டனார், தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குத் தொழிலாளியாக வந்தவர். 1992 இல் டெஸ்ட் அரங்கில் நுழைந்த முரளிதரன், 2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கெதிராகத் தமது 133 ஆவது டெஸ்ட் போட்டியில் 800 ஆவது விக்கெட்டை வீழ்த்தி ஓய்வு பெற்றார். அப்போட்டியில் இலங்கை அணி வென்றது. அதன்பின் ஏறத்தாழப் பதினேழு மாதங்கள் அவ்வணி ஒரு டெஸ்ட் போட்டியிலேனும் வெல்லவில்லை. இங்கிலாந்திடமும் அவுஸ்திரேலியாவிடமும் பாகிஸ்தானிடமும் தொடர்களை இழந்தது. தலைமகன் நீங்கினால் அணி வீழும் என்போருக்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் வரலாறு அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. 2011 டிசம்பரில் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் இலங்கை வென்றது. அந்நாட்டு மண்ணில் அதற்கு முன் இலங்கை ஒரு டெஸ்ட் போட்டியையும் வென்றதில்லை. அவ்வெற்றியில் முதன்மை பெற்றவர் ரங்கன ஹேரத். அவர் புதியவர் அல்லர். 1999 ஆம் ஆண்டிலேயே அணியில் இடம்பெற்றவர். முரளிதரனின் நிழலில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தவர். முரளிதரன் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 32. மற்றையோர் ஓய்வை எண்ணத் தொடங்கும் அவ்வயதிலேயே அவருடைய உண்மையான ஆட்டக்காலம் தொடங்கிற்று. 2016 இல் அவுஸ்திரேலியாவை 3-0 என இலங்கை வென்ற தொடரில் 28 விக்கெட்டுகளை வீழ்த்திய அவர், 2018 இல் ஓய்வு பெற்றபோது 433 விக்கெட்டுகளைப் பெற்றிருந்தார். இன்னொரு முரளிதரன் தோன்றவில்லை. ஆனால் முரளிதரன் இருந்த வரை வெளிப்பட வாய்ப்பில்லாதிருந்த ஓர் ஆற்றல் வெளிப்பட்டது.

இச்சான்றின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அணி முரளிதரனில் தங்கியிருந்தது போலவே முரளிதரனும் அணியில் தங்கியிருந்தார். 1995 இல் மெல்பேர்ணில் அவருடைய பந்துவீச்சு முறையற்றதென நடுவர் அறிவித்தபோதும், 1999 ஜனவரியில் அடிலெயிட்டில் மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தபோதும் அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவர் பக்கம் நின்றார். அடிலெயிட்டில் தமது அணி முழுவதையும் எல்லைக் கோட்டுக்கே அழைத்துச் சென்றார். அன்று அணி அவரைக் கைவிட்டிருப்பின் 800 என்னும் எண்ணுக்கே இடமிருந்திராது. ஆகவே தனியொருவரின் ஆற்றல் எனப்படுவதும் பலருடைய துணிவின்மேல் நிற்பதொன்றே. கடன் இருபுறமும் உள்ளது.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். ஒருவரையே நம்பியிருப்பது தீதெனின், ஒருவர் மிக உயர்வதையே தடுத்துவிடலாமன்றோ? கிரேக்க நாட்டில் பெரியாண்டர் என்னும் கொடுங்கோலன், ஆட்சி நடத்தும் முறை யாது எனக் கேட்டு வந்த தூதனுக்கு விடையேதும் கூறாது, வயலில் ஏனையவற்றினும் உயர்ந்து நின்ற கதிர்களை வெட்டிக் காட்டினான் என்னும் கதையை அரிஸ்டோட்டில் தம் அரசியல் நூலில் எடுத்தாள்கின்றார். உயர்ந்தோரை வெட்டிச் சமன் செய்வது சமத்துவம் ஆகாது. அது அழுக்காறு பூண்ட வேடமே. அதே நூலில், ஒருவர் செலவில் நடைபெறும் விருந்தைவிடப் பலர் தத்தம் பங்கைக் கொணர்ந்து நடத்தும் விருந்து சிறக்கக்கூடும் என்றும் அவர் கூறுவார். இவ்விரு கருத்துக்களும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. உயர்ந்தவனை வெட்டவும் கூடாது. அவன் கொணரும் பங்கை மட்டும் எதிர்பார்த்து ஏனையோர் வெறுங்கையோடு விருந்துக்கு வரவும் கூடாது.

கதிர்களை வெட்டும் கதையைக் கேட்கும் மலையகத்தார் எவருக்கும் தேயிலையின் நினைவு வருதல் இயல்பு. தேயிலை இயல்பில் செடியன்று. வளரவிட்டால் பல மீற்றர் உயரும் மரம். நடுத்தண்டை வெட்டுவதாலேயே பக்கக் கிளைகள் படர்ந்து கொழுந்து தருகின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டப்பட்ட பின் மாதக்கணக்கில் அம்மலையில் கொழுந்து இல்லை. அவ்வெறுமையைக் கண்டு மரம் பட்டுவிட்டதென எவரும் கருதுவதில்லை. ஆனால் எல்லா மரமும் கவ்வாத்தின் பின் தளிர்ப்பதுமில்லை. வேரில் மாப்பொருள் போதிய அளவு சேர்ந்துள்ளதா என்பதை அயடீன் இட்டுச் சோதித்த பின்னரே வெட்டுதல் தக்கது. வேரில் சேமிப்பு இல்லாத மரம் வெட்டியபின் மடிந்துவிடும். மனிதரை மரம்போல் வெட்டலாகாது என்பது உண்மையே. எனினும் பிரிவும் இறப்பும் மனிதர் கேளாமலே வந்து வெட்டுவன. அவ்வேளையில் ஒரு கூட்டம் தளிர்க்குமா, மடியுமா என்பது அதன் வேரில் முன்பே சேர்ந்துள்ளதைப் பொறுத்தது. பிரிந்து சென்றவரின் பெருமையைப் பேசுவதால் அச்சேமிப்பு கூடுவதில்லை.

மலையகத்தின் வரலாறு இவ்வுண்மைக்குப் பல இடங்களிற் சான்று பகர்கின்றது. தொடக்கத்தில் தொழிலாளியின் உலகம் முழுவதும் பெரிய கங்காணி என்னும் ஒருவரைச் சுற்றியே அமைந்திருந்தது. ஊரிலிருந்து அழைத்து வந்தவர் அவர். கடன் கொடுத்தவர் அவர். துரையோடு பேசியவரும் அவரே. கடனைக் குறித்த துண்டு இருந்த காலத்தில், கங்காணி தோட்டம் மாறினால் அவருடைய ஆட்களும் அவரோடு மாறினர். 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் ஒருவரை நம்பியே வாழும் பழக்கத்தைச் சட்டத்தால் ஒழித்தல் இயலாது.

1931 இல் கோ. நடேசய்யர் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளரிடையே பாடல்களைப் பாடி அவ்வியக்கத்தைப் பரப்பினார். பெரிதும் ஒருவரின் உழைப்பில் நின்ற அச்சங்கம் அப்பத்தாண்டு முடிவதற்குள் நலிவுற்றது. எனினும் சங்கம் சேர்தல் என்னும் எண்ணம் நலிவுறவில்லை. 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றி, அடுத்த ஆண்டில் அதன் தொழிற்சங்கம் எழுந்தபோது, தொழிலாளருக்கு அச்சொல் புதியதாக இருக்கவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தன் தலைவர் அல்லர், சாதாரணத் தொழிலாளி. வேரில் சேர்ந்திருந்தது எதுவென்பதை அவருடைய இறப்பு காட்டிற்று.

பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேலாக மலையகத்தின் குரலாகக் கருதப்பட்டவர் சௌமியமூர்த்தி தொண்டமான். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் உரிமைக்காக அவர் சத்தியாக்கிரகத்திலும் பாராளுமன்றத்திலும் அமைச்சரவையிலும் போராடினார். 1999 ஒக்டோபர் 30 ஆம் நாள் அவர் மறைந்தபோது, இனி இம்மக்களுக்கு யார் உளர் என்னும் ஏக்கம் லயந்தோறும் எழுந்தமை இயல்பே. ஆனால் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003 ஆம் ஆண்டில், அவர் மறைந்து நான்கு ஆண்டுகளின் பின்னரே நிறைவேறிற்று. தலைமகன் தொடங்கிய ஆட்டத்தைப் பிறர் முடித்து வைத்தனர். அவருடைய பெருமைக்கு இது குறையாகாது. ஒருவர் தொடங்கியது அவர் இன்றியும் நடந்தேறுமாயின் அதுவே அவர் பணியின் வெற்றி. அதே வேளையில், தலைமை அடுத்தடுத்து ஒரே குடும்பத்தின் வழியே தேடப்பட்டதையும் மறத்தற்கில்லை. அத்தேட்டத்தில் தலைவர்களின் விருப்பம் மட்டுமன்றி, பழகிய பெயர் ஒன்றைப் பற்றிக்கொள்ள விரும்பிய மக்களின் அச்சமும் கலந்திருந்தது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இல்லாதவனைத் தேடிய ஆட்டக்காரனின் தயக்கத்தை இங்கும் காணலாம்.

படையின் சிறப்பைக் கூறும் வள்ளுவர், உறுதியான வீரர் பலரைப் பெற்றிருந்தும் தலைமை இல்லாத இடத்துப் படை நிலைபெறாது என்று கருதுவார். தலைமை தேவையற்றது என்னும் வாதத்துக்கு இதில் இடமில்லை. ஆனால் அவ்விடத்து அவர் ஆளும் சொல் தலைமகன் அன்று, தலைமக்கள் என்பதாகும். அப்பன்மை கருதத்தக்கது. ஒருவர் வீழ்ந்தவிடத்து மற்றொருவர் எழுந்து நிற்கும் படையே படை. தலைமை ஒருவரின் உடைமையாக அமையாது, பலரிடத்துப் பரந்து கிடக்கும் தகுதியாக அமைதல் வேண்டும்.

இனி, நீங்கிச் சென்றவனின் கடமை யாது என்பதும் எழும். தோட்டத்துப் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம் புகும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஓர் அணியை விட்டு நீங்கியவர்களே. பெரட்டுக்கு நின்று நாட்சம்பளம் பெற்ற தாயரின் உழைப்பு அவர்களின் ஒவ்வொரு நூலிலும் உள்ளது. அக்கடனைக் காட்டி, நீங்கள் போகலாகாது என்று கூறும் உரிமை எவருக்கும் இல்லை. தேயிலைத் தூரில் கட்டி வைக்கப்பட்ட தலைமுறைகளின் விடுதலைக்காகவே அக்கல்வி பெறப்பட்டது. ஆனால் சென்றவர் திரும்பி வந்து தலைவராக அமர்ந்தால் மட்டுமே கடன் தீரும் என்பதும் பிழையான எண்ணம். அது பழைய தங்கிநிற்றலையே புதுப்பிக்கும். தாம் கற்றதைத் தம் பின் வருவோரிடம் ஒப்படைத்து, அவர்கள் தம்மைத் தேடவேண்டிய தேவை இல்லாதவாறு செய்வதே அவர்களின் கடன். எஞ்சியோரின் கடன், சென்றவரைப் பழியாதும் வழிபடாதும் தம் ஆட்டத்தைத் தாமே ஆடுதல்.

மலைச்சரிவின் அந்தக் கூடைப்பந்தாட்ட அணி அடுத்த ஆண்டில் தோற்கவும் கூடும். அவ்விழப்பை இழப்பன்று எனக் கூறுவது பொய்யான ஆறுதலே. இலங்கை அணியின் பதினேழு மாதங்கள் அதற்குச் சான்று. ஆயினும் அவ்வணியின் எதிர்காலத்தை அறிய விரும்புவோர் வெற்றிப் பட்டியலை நோக்குவதிலும், பந்து கைக்கு வந்ததும் அந்நால்வரும் எங்கே பார்க்கின்றனர் என்பதை நோக்குவதே தகும். அவர்கள் இன்னமும் வெற்றிடத்தைப் பார்ப்பாராயின் அவ்வணிக்கு எதிர்காலம் இல்லை. கூடையைப் பார்ப்பாராயின், முதல் எறி தவறினும், அவ்வணிக்கு எதிர்காலம் உண்டு. மலையகச் சமூகத்துக்கும் இதுவே பொருந்தும்.