அயல்வீட்டுப் பூனையும் ஆசிரியர் அறமும்

சமயபாடங் கற்பிக்கும் ஆசிரியரை நோக்கி மாணாக்கர் நிகழ்த்தும் வினாக்களுட் சில, நூலிலே விடை தேடுமுன் தம் வீட்டு வளவை நோக்கும்படி அவரைச் செய்வனவாம். அத்தகைய வினாவொன்று சென்ற புரட்டாதி மாதத்திலே எம்மை நோக்கி எழுந்தது. நவராத்திரி காலமாதலின், மகாநவமியோடு தொடர்புடைய எறிபத்தநாயனார் சரித்திரத்தை வகுப்பிலே சொல்லிக்கொண்டிருந்தோம். கருவூர் ஆனிலைத் திருக்கோயிலிற் பெருமானுக்குச் சாத்தும்பொருட்டுச் சிவகாமியாண்டார் கொண்டுசென்ற பூக்களைப் பட்டத்து யானை பறித்துச் சிந்திற்று என்பதும், அதனை அறிந்த நாயனார் தம் மழுப்படையினாலே யானையையும் அதனோடு சென்ற ஐவரையும் வெட்டி வீழ்த்தினார் என்பதும் சொல்லியவளவிலே, பின்வாங்கிலிருந்த மாணாக்கனொருவன் எழுந்து, "ஐயா, நாங்கள் பூசைக்குப் பூவெடுக்கும் தோட்டத்தை அயல்வீட்டுப் பூனை நாடோறும் அசுத்தஞ் செய்கின்றது. அதனை அடித்துக் கொன்றால் அதுவும் சிவத்தொண்டாகுமா?" என்று வினாவினான்.

வகுப்பு முழுவதும் நகைத்தது. யாம் நகைத்திலேம். என்னை? முதனாள் மாலையிலே எமது நந்தியாவட்டையின் கீழ் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த அயல்வீட்டுப் பூனையின்மேல் யாம் ஒரு கல்லை எறிந்தோம். கல் அதன் பின்காலிற் பட்டது. அது நொண்டிக்கொண்டு வேலியின் இடைவெளியாற் புகுந்து மறைந்ததையும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆதலின் அம்மாணாக்கனுக்கு உடனே விடைகூற எமக்கு நா எழவில்லை. "நாளைக்குச் சொல்வோம்" என்று கூறிப் பாடத்தை நிறுத்தினோம். அன்றிரவு யாம் சிந்தித்தவற்றையும், மறுநாட் செய்ததையும் சைவாசிரிய அன்பர்களுக்கு ஈண்டு விண்ணப்பஞ் செய்கின்றோம்.

முதற்கண், பூனையினால் விளையுந் தீங்கு மெய்யானதா, அன்றி எமது சினம் பெரிதாக்கிக் காட்டியதா என்பதை ஆராய்தல் வேண்டும். தீங்கு மெய்யானதே. பூசைக்குரிய பூவைச் சுத்தமான இடத்திலிருந்து எடுத்தல் வேண்டுமென்பது நம் ஆசாரம். மலங்கிடக்கும் செடியடியிலே காலைவேளையிற் சென்று பூக்கொய்பவருக்கு மனம் ஒருமைப்படாது. இஃதன்றி உடலுக்கு வருந் தீங்கும் உண்டு. தொக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி சில பூனைகளின் மலத்தோடு வெளிப்படுகின்றது. அது வெளிப்பட்டவுடனே தொற்றுவதன்று. 1 முதல் 5 நாள் வரை கழிந்தபின்னரே தொற்றும் இயல்பைப் பெறும். கருவுற்ற பெண்களுக்கு அது தொற்றினால் வயிற்றிலுள்ள சிசுவுக்குக் கேடு விளைதல் கூடும். கீரையும் காய்கறியும் விளையும் பாத்தியிலே கையுறையின்றி வேலைசெய்வோரும், கழுவாது அவற்றை உண்போரும் அஞ்சவேண்டுவதே. ஆகவே, "பூனைதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று பிறர்வீட்டுத் துன்பத்தை எளிதாகப் பேசுவோர் நியாயம் பேசுவோரல்லர்.

இரண்டாவது, குற்றம் யாருடையது என்பது. பூனையின் இயல்பை ஒரு சிறிது நோக்குமின். மெத்தென்று உலர்ந்த மண்ணைத் தேடி, அதனைக் காலாற் பறித்து, மலங்கழித்து, மீட்டும் மண்ணால் மூடுதல் அதற்குப் பிறவியிலேயே அமைந்த ஒழுக்கம். நாம் மண்வெட்டியாற் கொத்திப் பண்படுத்திய பாத்தி அதன் கண்ணுக்குத் தனக்கென்றே ஆயத்தஞ் செய்த இடமாகத் தோன்றுகின்றது. வேலியென்பது நம் உறுதியிலும் நில அளவையாளரின் படத்திலும் உள்ளதேயன்றிப் பூனையின் அறிவில் உள்ளதன்று. உயிர்களெல்லாம் ஆணவங் கன்மம் மாயை என்னும் மலங்களாற் கட்டுண்டு, கன்மத்திற்கீடாக 84 நூறாயிர யோனி பேதங்களிற் பிறந்துழல்வன என்று மாணாக்கருக்குக் கற்பிக்கின்றோம். அவ்வாறாயின் நந்தியாவட்டையின் கீழிருந்த உயிரும் எம் உயிர்போன்றதோர் உயிரே. விதியும் விலக்கும் அறியாத பிறவியில் நிற்கும் அவ்வுயிர் விதியை மீறியதென்று தண்டித்தல் எங்ஙனம் பொருந்தும்? தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்குத் தாயாய் வந்து பாலூட்டிய பெருமானது திருவிளையாடலை வாயாற் சொல்லிவிட்டுக் கையாற் கல்லெடுத்தல் நமக்கு அடாது. ஆகவே குற்றம் பூனையினுடையதன்று. அதனை வளர்ப்போர் இடங்கொடாது விட்டால் அவருடையது. வளர்ப்போரில்லாத பூனையாயின், குட்டிகளைச் சந்தியிலே கொண்டுபோய் விட்ட யாரோ ஒருவருடையது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "எறிபத்தர் வெட்டிய யானையும் அறிவில்லாத விலங்குதானே? அவரை நாயன்மாராக வணங்கும் நீர் கொல்லாமை பேசுவதெப்படி?" என்பர். மாணாக்கன் வினாவின் உட்கருத்தும் இதுவே. இதற்கு விடை அச்சரித்திரத்தின் பிற்பகுதியிலேயே உளது. அவ்வினா எழுந்தமையால் யாம் அன்று சொல்லாது விட்ட பகுதியும் அதுவே. யானையின் இறப்பைக் கேட்டுச் சினந்து சேனையோடு வந்த புகழ்ச்சோழர், அங்கே பகைவரைக் காணாது சிவனடியார் ஒருவரையே கண்டார். கண்டவுடன், "பிழை நேர்ந்தாலன்றி இவர் இது செய்யார்" என்று துணிந்து, தம் யானை செய்த அபராதத்திற்கு யானையையும் பாகரையும் கொன்றது போதாதென்றும், அதனை உடையவராகிய தம்மையுங் கொல்லுதல் வேண்டுமென்றும் கூறித் தம் வாளை நீட்டினார். நாயனாரோ, இத்தகைய அன்பருடைய யானையை அழித்தேனே என்று வருந்தி, வாங்கிய வாளைத் தம் கழுத்திலேயே பூட்டினார். அப்பொழுது திருவருள் வெளிப்பட்டு, யானையும் இறந்தவர்களும் உயிர்பெற்றெழுந்தனர், பூங்கூடையும் நிறைந்தது.

இதனாற் பெறப்படுவது யாது? உடையவர் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். வெட்டியவரும் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். இருவருள் ஒருவரும் மற்றவர்மேற் குற்றஞ் சாட்டி நிற்கவில்லை. விலங்கைக் கொன்றது அச்சரித்திரத்தின் முடிபன்று. இருவரும் தம்மைத் தாமே தண்டிக்கத் துணிந்ததும், இறந்தவை எழுந்ததுமே முடிபாம். திருவாரூரிலே கன்றின்மேற் தேரைச் செலுத்திய தன் மைந்தனுக்கு மந்திரிகள் பிராயச்சித்தங் கூறவும் உடன்படாத மனுவேந்தன் செய்தியும் இக்கருத்தையே வலியுறுத்தும். அன்றியும் நாயனார் கொண்ட சினம் தமது உடைமையைப்பற்றி எழுந்ததன்று. எமது கல்லோ, "எமது செடி, எமது வளவு, எமது உழைப்பு" என்னும் எண்ணத்திலிருந்து புறப்பட்டது. பூசைக்குரிய பூ என்பதை அதன்மேற் போர்வையாகப் போர்த்தோம். தன் சினத்திற்குச் சிவத்தொண்டென்று பெயரிடுதல் சினத்தினும் பெரிய குற்றமென்று எமக்கு அவ்விரவிலே தோன்றியது.

மூன்றாவது, செய்யத்தகாதன எவை என்பது. பாலிலும் மீனிலும் நஞ்சு கலந்து வைப்போர் உளர். அந்நஞ்சு பூனையைத் தேடிச்சென்று பூனையோடு நிற்பதன்று. நாயும் காகமும் உண்ணும். தவழுங் குழந்தையின் கையிலும் படும். அந்துருண்டையைப் பாத்தியிலே பரப்புவதும் அத்தகையதே, அதுவும் நஞ்சாம். வேறு சிலர், "யாம் கொல்லமாட்டோம்; சைவர்" என்று சொல்லிப் பூனையைச் சாக்கிலே கட்டித் தூரத்துச் சந்தையிலோ கோயில் வீதியிலோ விட்டு வருவர். பழகிய இடத்தையும் உணவையும் இழந்த பிராணி அங்கே பசியாலும் நாய்களாலும் வாகனங்களாலும் அழிவதைத் தம் கண் காணாமையால் தமக்குப் பாவமில்லையென்று கருதுவர். திருவள்ளுவர் 33ஆம் அதிகாரத்திலே கொல்லாமையைக் கூறுமுன், 31ஆவதில் வெகுளாமையையும் 32ஆவதில் இன்னாசெய்யாமையையும் வைத்தமை சிந்திக்கத்தக்கது. சினத்தை விடாதவன் துன்பஞ் செய்தலை விடான். துன்பஞ் செய்தலை விடாதவன் கொலையினின்று நெடுந்தூரம் நீங்கியவனல்லன். இலங்கையிலே 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் பிராணிகளை வதைத்தலைக் குற்றமாக வகுத்தது. சட்டத்திற்கு அஞ்சி விடுவதிலும் அறத்திற்கு அஞ்சி விடுதல் சைவருக்கு அழகு.

இனிச் செய்யத்தக்கன எவை? நம் வளவைக் காத்தல் நம் கடன். அது பூனைக்குச் செய்யும் பகையன்று. மலத்தை நாடோறும் அகற்றி, அவ்விடத்தை நீர்விட்டுக் கழுவுதல் வேண்டும். பழைய நாற்றமே பூனையை மீட்டும் அழைப்பது. நாடோறும் அகற்றுவதால் மேலே கூறிய நோயின் அச்சமும் குறையும். அவ்வேலையைக் கருவுற்றிருப்போர் செய்தலாகாது. செய்தவர் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். புதிதாகக் கொத்திய பாத்தியை ஈரமாக வைத்தலும், செடிகளினிடையே ஈர்க்குகளை நெருங்க நாட்டுதலும், கம்பிவலையை மண்மேல் விரித்தலும், செடியடியிற் பருக்கைக் கற்களைப் பரப்புதலும் பயன்றரும். வளவின் ஒரு மூலையிலே உலர்ந்த மணலைக் குவித்துவிடின், பூனை பெரும்பாலும் அம்மணலையே விரும்பும். யாரையும் துன்புறுத்தாமல் முடியத்தக்க கருமத்திற்குக் கல் எதற்கு?

அடுத்தது அயலாரிடம் பேசுதல். நம் யாழ்ப்பாணத்திலே வேலியினாற் பிறந்த வழக்குகளும் தலைமுறைப் பகைகளும் எத்துணையென்பது யாவரும் அறிந்தது. வேலிக்கு மேலாற் கூவிச் சொன்ன சொல் முறைப்பாடாகும். படலையைத் திறந்து சென்று திண்ணையிலிருந்து சொன்ன சொல் உறவாகும். யாம் இளமையிற் பயின்ற மிஷன் பாடசாலையிலே, அயலாரிடத்து அன்பு வேண்டுமென்னும் போதனையைப் பலகாற் கேட்டோம். நல்லதை நல்லதென்றே கொள்வோம். ஆயினும் அயலார் யாவர் என்று நம் சமயத்தை வினாவின், வேலிக்கப்பாலுள்ள மனிதரோடு அவர் வீட்டுப் பூனையையுங் கூட்டியே அது விடை கூறும்.

மறுநாட் காலையிலே பாடசாலைக்குப் போகுமுன் அயல்வீட்டுக்குச் சென்றோம். அவ்வீட்டு முதிய அம்மையார் திண்ணையிலிருந்து பூனையின் காலுக்கு மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தார். "ஆச்சி, அந்தக் கல்லை எறிந்தவன் நானே" என்றோம். அவர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "தம்பி, போன மாரியிலே உங்கள் கன்று வேலியாற் புகுந்து எங்கள் கீரைப்பாத்தி முழுவதையும் மேய்ந்துபோட்டுது. வாயில்லாச் சீவனென்று விட்டுவிட்டோம், உங்களுக்குச் சொல்லவுமில்லை" என்றார். அக்கன்று மேய்ந்த செய்தியை அன்றுதான் அறிந்தோம். புகழ்ச்சோழர் வாளை நீட்டிய இடத்திலே யாம் நின்றிருக்கவேண்டிய நாளொன்று கழிந்திருந்தது. அதனை எமக்குத் தெரியாதபடி அவ்வம்மையார் தம் பொறுமையால் மறைத்துவைத்திருந்தார்.

அதன்பின் பேசவேண்டியவற்றைப் பேசுதல் எளிதாயிற்று. பூனையை மிருகவைத்தியரிடங் காட்டுஞ் செலவை யாம் ஏற்றோம். அது பெண்பூனையாதலாலும், பெண்பூனை ஏறக்குறைய 9 வாரத்திற் குட்டியீனுவதாலும், கருத்தடைச் சிகிச்சையுஞ் செய்வித்தல் நன்றென்று கூறினோம்; அவர் இசைந்தார். அவர் வளவின் மூலையிலே மணல் கொட்டினோம். எமது வேலியையும் அடைத்தோம். இத்துணையுஞ் செய்தும் பூனை எமது வளவுக்கு முற்றாக வாராதொழிந்ததென்று சொல்லோம். இடையிடையே வருகின்றது, யாமும் மண்ணை அகற்றிக் கையைக் கழுவுகின்றோம்.

அயலாரெல்லாரும் அவ்வம்மையாரைப் போன்றவரல்லர் என்பதையும் மறந்திலேம். பலமுறை நயந்து சொல்லியுங் கேளாது, பூனைகளைப் பெருகவிட்டு அயலாருக்குத் துன்பஞ் செய்வோர் உளராயின், ஊர்ப்பெரியோரைக் கொண்டும், சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டும் முறையிடுதல் குற்றமன்று. பொறையென்பது வாய்மூடியிருத்தலன்று, முறையீட்டிலே பகை கலவாதிருத்தலே பொறையாம். அப்பொழுதும் நம் வழக்கு வளர்த்தவரோடேயன்றிப் பூனையோடன்று.

அன்று வகுப்பிலே, சரித்திரத்தின் எஞ்சிய பகுதியையும் எமது கல்லின் கதையையும் ஒருங்கே சொன்னோம். இம்முறை ஒருவரும் நகைத்திலர். வினாவிய மாணாக்கன் மட்டும் எழுந்து, "ஐயா, எங்கள் வீட்டு ஆடும் அவர்கள் வளவுக்குப் போகிறதுதான்" என்றான். அவன் தன் வினாவுக்குத் தானே விடை கண்டான். நாவலர் பெருமான் காலந்தொட்டுச் சைவ ஆசிரியர்க்கு நூலறிவோடு ஒழுக்கமும் வேண்டுமென்று சொல்லப்பட்டு வருகின்றது. அவ்வொழுக்கம் கோயில் வீதியிலும் மேடையிலும் மாத்திரம் நோக்கப்படுவதன்று. மாலைவேளையிலே, ஒருவருங் காணாரென்று கருதித் தம் வளவிலே கல்லெடுக்கும் கையிலும் நோக்கப்படுவதாம். அக்கையை அடக்கும் வலிமையை எல்லா உயிர்க்குந் தாயாகிய இறைவன் நமக்குத் தந்தருள்வானாக.