செவிக் கருவியை யாரை நம்பிக் கொடுப்பது?

தருமம் செய்வதில் நம்மவர்கள் என்றும் பின்தங்கியதில்லை. வெள்ளம் என்றாலும் தீ விபத்து என்றாலும் கேட்குமுன்னரே கை நீட்டுகிறவர்களை நம் கடை வாசலிலேயே காண்கிறோம். இப்போது அன்பர்கள் சிலர், செவிக் கருவிகள் சேகரித்துக்கொண்டு, ஒரு வைத்தியரையும் அழைத்துக்கொண்டு, கம்போடியாவில் சாம் முஸ்லிம்கள் வாழும் கிராமங்களுக்குப் போய்வர உத்தேசித்திருக்கிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் டிக்கெட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவர்கள், அங்கே யாரோடு சேர்ந்து காரியம் செய்வது என்பதை இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். "கம்போங் சாம் பக்கம் பள்ளிவாசல் இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார்கள். நாம் தயங்குவது இந்த இடத்திலேதான்.

குர்பானி கொடுக்க மலேசியாவிலிருந்து ஆண்டுதோறும் போகிறவர்களுக்கு அந்த ஊர்கள் பழக்கமானவை. ஆனால் இறைச்சியைப் பங்கிட்டால் அன்றே வேலை முடிந்தது. செவிக் கருவி மாட்டினால் அன்றுதான் வேலை ஆரம்பமாகிறது. அதன் சிறு பேட்டரி, மேலே ஒட்டிய தாளை உரித்துவிட்டால் சில நாட்களில், மிஞ்சினால் இரண்டொரு வாரத்தில் தீர்ந்துவிடும். காதுக்குள் பொருந்தும் அச்சை அவரவர் காதுக்குத் தனியே எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் காது வளர வளர மாற்றவும் வேண்டும். சீழ் வடியும் காதை அடைத்துக் கருவி மாட்டினால் நோய் முற்றும். சத்தத்தை அளவுக்கு மீறி வைத்தாலோ, மிச்சமிருக்கும் செவியும் கெடும்.

நம் அத்தா மர்ஹூம் அவர்கள் கடைசிக் காலத்தில் கருவி அணிந்தவர்கள். பினாங்கிலே, பஸ் ஏறினால் அரை மணியில் போய்ச் சேரும் கடையில் வாங்கியது. அப்படியிருந்தும் முதல் மாதம் முழுவதும் அது கல்லாப் பெட்டிக்குள்தான் கிடந்தது. தட்டு வைக்கும் சத்தமெல்லாம் தலைக்குள் இடிக்கிறது என்பார்கள். நான்கு முறை கூட்டிக்கொண்டு போய்ச் சரிசெய்த பிறகே, பேரப்பிள்ளை ஓதுவதைக் கேட்டுத் தலையசைத்தார்கள். அந்த நான்கு முறை இல்லாதிருந்தால்? கம்போடியக் கிராமத்து முதியவரை நான்கு முறை யார் கூட்டிக்கொண்டு போவார்கள்?

1975 முதல் 1979 வரை நடந்த கொடுமையில் அந்நாட்டு வைத்தியர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள் அல்லது ஓடிப்போனார்கள். சாம் மக்கள் பட்டதும் சொல்லி முடியாது. அந்தப் பள்ளத்திலிருந்து ஒவ்வொன்றாகத்தான் எழுப்பியிருக்கிறார்கள். 'குருசார் த்மே' என்ற ஸ்தாபனம் 1990களில் காது கேளாப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கி, பின்னாளில் அவற்றை அரசாங்கத்திடமே ஒப்படைத்தது. 2003இல் புனோம் பென்னில் தொடங்கிய 'ஆல் இயர்ஸ் கம்போடியா', உள்ளூர் இளைஞர்களையே செவி பரிசோதிப்பவர்களாகப் பயிற்றி வருகிறது. இப்படிப்பட்டவர்களைக் கேளாமல் நாம் போய், அவர்கள் மாதக்கணக்கில் கவனித்துவரும் பிள்ளைக்கு வேறொரு கருவியை மாட்டிவிட்டு வந்தால், அதற்கு உதிரிபாகமும் அவர்களிடம் இராது, பழுது பார்க்கும் வழியும் இராது.

அப்படியானால் பள்ளிவாசல் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். எந்த வீட்டில் யாருக்குக் காது கேட்காது என்பது இமாமுக்குத்தான் தெரியும். அவர் சொன்னால்தான் பெண்கள் தயங்காமல் வருவார்கள். ஆனால் நம் கலிமாவைச் சொல்பவர் என்பதற்காக ஒருவரிடம் காதைக் குடைய விடுவோமா? அழைத்து வருவதற்குப் பள்ளிவாசல், காதைத் தொடுவதற்கு அதைக் கற்றவர், என்று பிரித்துக்கொள்வதே முறை. இன்னொன்று: அதே வரிசையில் பக்கத்து வீட்டுப் பௌத்தப் பிள்ளையும் வந்து நின்றால் என்ன செய்வது? திருப்பியனுப்ப நமக்கு மனம் வராது, வரவும் கூடாது. இதைப் போகுமுன்னரே இமாமிடம் பேசி முடித்துவிட வேண்டும்.

எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்று சொல்லும் மொத்த வியாபாரியிடம் நாம் சரக்கு எடுப்பதில்லை. "அது இப்போது இல்லை, அடுத்த வாரம் வரும்" என்பவரிடந்தான் இருபது வருஷமாகக் கணக்கு வைத்திருக்கிறோம். இங்கேயும் அப்படித்தான். மாலை போட்டு வரவேற்பவரைவிட, "எத்தனை வருஷத்துக்குப் பேட்டரி அனுப்புவீர்கள்?" என்று முகத்துக்கு நேரே கேட்பவரைத்தான் நாம் தேட வேண்டும். அவர், "கருவியே வேண்டாம், சீழ் வடியும் பிள்ளைகளுக்கு மருந்தும், எங்கள் ஊழியர் இருவருக்கு ஒரு வருஷச் சம்பளமும் கொடுங்கள்" என்றும் சொல்லக்கூடும். அப்போது நமக்குப் போட்டோ இல்லை, வழியனுப்பு விழா இல்லை. மனத்துக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். நமக்கும் இருக்கும் என்பதை ஒளிப்பானேன்?

2021இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கைப்படி, செவிக்குச் சிகிச்சையோ உதவியோ தேவைப்படுவோர் உலகில் 43 கோடிப் பேர். அத்தனை பேருக்கும் நாம் பொறுப்பல்லர். ஆனால் நாம் கருவி மாட்டிவிட்டு வந்த ஒருவர், பத்து நாள் பேரப்பிள்ளையின் குரலைக் கேட்டுவிட்டுப் பதினோராம் நாள் மறுபடியும் ஓசையற்றுப் போனால், அது நம் அமானிதத்தில் சேருமா, சேராதா? பணம் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்டிவிடலாம். அவருக்கு என்ன கணக்குக் காட்டுவது?

ஆகையால் இம்முறை கருவிப் பெட்டி இங்கேயே இருக்கட்டும். முதலில் இரண்டு பேர் மட்டும் வெறுங்கையோடு போய் ஒரு வாரம் தங்கி, புனோம் பென்னிலும் கிராமத்திலும் விசாரித்து வரட்டும். அந்த இருவரில் ஒருவர், தாமே கருவி அணிந்தவராக இருக்கட்டும்.