யார் யாரைச் சரிபார்ப்பது?

அந்தக் காலத்தில் மலேசியாவின் சபாக் வட்டாரத் தோட்டங்களில் பொழுது விடிந்ததே பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்பில்தான். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், பெயரைக் கூப்பிட்டுச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிப்பார். பிறகு ரப்பர்ப் பாலை நிறுப்பார்கள், செம்பனைக் குலையை எண்ணுவார்கள். எங்கள் பெற்றோரை எண்ணியவர்கள் அவர்களை நம்பாதவர்கள். அந்தக் கசப்பு எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. யாராவது சரிபார்த்தால் போதும், “என்னை நம்பலையா?” என்று கேட்டுவிடுவோம்.

என் அக்காள் மகள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் தாதி. காலை 7 மணிக்கு இரவுத் தாதி நோயாளியை ஒப்படைப்பார். இருவரும் நெருங்கிய தோழிகள். ஆனாலும் இவள் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பாள். கைப்பட்டையில் பெயர் சரியா, மூச்சுக்குழாய் உதட்டருகே எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது, பம்பில் ஓடும் மருந்தின் வேகம் மருத்துவர் எழுதியதுதானா, அலாரத்தின் எல்லைகள் என்ன, சளி உறிஞ்சும் கருவி இழுக்கிறதா, தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக. கடைசியில், கட்டிலோரம் தொங்கும் அம்பு பேக்கை அமுக்கிப் பார்ப்பாள். மூச்சுக் கருவி நின்றுபோனால் கையால் காற்றுக் கொடுக்க அதுதான் துணை. பல நாள் அதற்கு வேலையே இருக்காது. அதனாலேயே அதை மறப்பது சுலபம்.

“தோழிக்குக் கோபம் வராதா?” என்றேன்.

“அவ நல்லாத்தான் பார்த்திருப்பா மாமா. ஏழு மணிக்கு மேல நான்தானே பொறுப்பு? நாளைக்கு நான் விட்டுட்டுப் போறதை அவளும் இப்படித்தான் பார்ப்பா.”

2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற மருத்துவர், பெரிய இரத்தக் குழாயில் ஊசிக்குழாய் செருகும்போது கிருமித்தொற்றைத் தடுக்க ஐந்து படிகளைப் பட்டியலிட்டார். கை கழுவுவதும் அதில் ஒன்று. மருத்துவர் ஒரு படியைத் தாண்டினால் தடுத்து நிறுத்தும் உரிமை தாதிக்குத் தரப்பட்டது. பின்னர் மிச்சிகன் மாநிலத்தில் நூறுக்கும் மேற்பட்ட தீவிரச் சிகிச்சைப் பிரிவுகள் இம்முறையைக் கைக்கொண்டன. 18 மாதங்களில் அக்குழாய்வழி இரத்தத்தில் ஏற்படும் கிருமித்தொற்று 66 விழுக்காடு வரை குறைந்ததாக 2006இல் ஆய்வு வெளிவந்தது.

பட்டியலைவிட அந்த உரிமையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. தோட்டத்தில் தொழிலாளியின் பாலை நிறுத்தார்கள். கிராணியின் தராசைச் சோதிக்கத் தொழிலாளிக்கு வாய் இல்லை. மேலிருந்து கீழே மட்டும் வரும் சோதனை அவமானம்தான். எந்தப் பக்கமிருந்தும் வரலாம் என்றால் அதில் அவமானம் இல்லை.

அம்மாவின் மாத்திரைகளை நான் எடுத்து வைத்த பிறகு, என் மனைவி இன்னொரு தடவை எண்ணுகிறாள். எண்ணட்டும். அவள் எடுத்து வைக்கும் நாளில் நானும் எண்ணுவேன்.