ஒத்துக்கினது யாரு?

பாலவாக்கத்தில் வீட்டுவேலைக்குப் போகிற ஒரு அம்மா தவணையில் செல்போன் வாங்கினார். 'சம்மதம்' என்று இங்கிலீஷில் இருந்த இடத்தை அமுக்கியது கடைப்பையன். கேட்காத இன்சூரன்சுக்கு மாசாமாசம் பணம் பிடித்தார்கள். விசாரித்தால், "நீங்கதாம்மா கண்டிஷனை ஒத்துக்கினீங்க" என்று பதில். "நான் எதைப்பா ஒத்துக்கினேன்?" என்று அந்தம்மா கேட்டது சட்டத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி.

சட்டம் முதலில் கைவிரிக்கும். கையெழுத்துப் போட்டவர் படிக்காவிட்டாலும் கட்டுப்பட்டவரே என்பது நீதிமன்றங்களின் பழைய விதி. மின்னணு வழியில் நடந்தது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. 2008 திருத்தத்தில் சேர்த்தது. ஆனால் இரு தரப்பும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஏற்பதுதான் சம்மதம் என்று 1872 ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. அந்தம்மாவும் கம்பெனியும் எதை ஒரே பொருளில் ஏற்றார்கள்?

சென்னையிலேயே ஒரு வழக்கு உண்டு. சலவைக்கடையில் போட்ட புதுப் புடவை தொலைந்தது. தொலைந்தால் விலையில் 15 சதவீதம்தான் தருவோம் என்று ரசீதில் அச்சடித்திருந்தார்கள். 1966 சட்ட ஏட்டில் வெளியான 'லில்லி ஒயிட்' தீர்ப்பில், இந்த ஷரத்து பொதுநலனுக்கு விரோதம், செல்லாது என்றது உயர்நீதிமன்றம். (செல்லும் என்றால் முதலாளி ஊர்ப் புடவையையெல்லாம் 15 சதவீத விலைக்குத் தொலைத்திருப்பார்.) 1986இல் உச்சநீதிமன்றமும், பலமில்லாதவன் வேறு வழியில்லாமல் கையெழுத்திட்ட நியாயமற்ற ஷரத்து செல்லாது என்றது. அது கல்கத்தாவில் ஒரு அரசு நிறுவன அதிகாரிகளின் வேலை ஒப்பந்தம் பற்றியது.

நம்ம சனத்துக்கு இது புதுசில்லை. கட்டைவிரலை மையில் உருட்டி வாங்கிய கடன் பத்திரங்களில் தலைமுறைகள் அடகு போயிருக்கின்றன. "நீதானே கைநாட்டு வெச்சே?" என்றுதான் ஆண்டையும் கேட்டார். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டது. கைநாட்டு இருந்தாலும் ஒப்பந்தம் செல்லாது, கடனும் இல்லை.

'பிடிக்கலைன்னா போன் வேணாம்னு போயிருக்கலாமே' என்பார்கள். வேலைக்குக் கூப்பிடுவது போனில், கூலி வருவது போனில். எங்கே போவது? வேலையில்லாதவன் உரிமையை விட்டுக்கொடுத்தாவது கிடைத்த வேலையை எடுப்பான் என்று அம்பேத்கர் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் எழுதியது இதைத்தான். 2021இல் வாட்ஸ்அப், புதிய நிபந்தனையை ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் விலகு என்றது. அது நியாயமற்ற நிபந்தனைத் திணிப்பு என்று 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மறுக்க இடமில்லாத இடத்தில் சம்மதம் ஏது என்ற நம் கேள்வி, கொஞ்சம் கோட்டு சூட்டு போட்டு அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தரவுப் பாதுகாப்புக்கான 2023 சட்டம், சம்மதம் கேட்பதை அட்டவணை மொழிகள் இருபத்திரண்டிலும் படிக்க வழிசெய்யச் சொல்கிறது. நல்லதுதான். கைநாட்டுப் பத்திரமும் தமிழில்தான் இருந்தது.

2019 நுகர்வோர் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்றே ஒரு வகை வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஷரத்தைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை மாநில, தேசிய ஆணையங்களுக்குக் கொடுத்தவர்கள் மாவட்ட ஆணையத்துக்குக் கொடுக்கவில்லை. மாசம் நூறு, இருநூறு ரூபாய் பறிகொடுத்தவர்கள் ஏறக்கூடிய படி அது ஒன்றுதான்.