மூலிகைச் சோதனையும் கொல்லாமையும்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் வேலியோரங்களிலும் வீட்டு முற்றங்களிலும் நித்தியகல்யாணி பூத்து நிற்கக் காண்கிறோம். அதன் இலையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் வழங்கப்படுகிறது. ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். இலை ஓரறிவுயிரின் உறுப்பு. இல்லறத்தாருக்கு அதில் தடையில்லை. மருந்து கிடைத்த வழியை எண்ணும்போதுதான் நமக்குச் சங்கடம் எழுகிறது.

கனடா நாட்டில் இராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் ஆகியோர் 1950-களில் இச்செடி நீரிழிவுக்கு உதவுமா என்று ஆராய்ந்தனர். சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது பயன் தெரியவில்லை. இரத்தத்தில் செலுத்தியபோது அவை நோய்த்தொற்றால் மடிந்தன. வெள்ளணுக்கள் குறைந்ததே காரணம் என்று கண்ட பிறகே, வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் நோய்க்கு இது பயன்படுமோ என்னும் எண்ணம் பிறந்தது. அவ்வெலிகளின் சாவே மருந்தைக் காட்டிக்கொடுத்தது.

இது எவ்வகை இம்சை? அடுப்பெரிப்பது முதலிய வீட்டுச் செயல்களில் நேர்வது ஆரம்பி. உழவிலும் தொழிலிலும் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. கருதியே செய்வது சங்கல்பி. முதல் மூன்றையும் இயன்றவரை குறைத்து, நான்காவதை அறவே விடுவது சிராவகர் கடமை. ஆய்வாளருக்கு எலியின்மீது பகையில்லை. எனினும் உயிர் போகும் என்றறிந்தே தொடங்கும் செயலை 'உத்யோகி' என்று தணித்துக் கூற நமக்கு மனம் ஒப்பவில்லை. அதேபோல, நோயுற்ற குழந்தையின் தந்தையிடம் 'அம்மருந்தை மறுத்துவிடு' என்று சொல்லவும் நா எழவில்லை.

'சோதனையே வேண்டா, செடிதானே' என்பாரும் உளர். சதுரகிரி மூலிகை என்றால் கண்ணை மூடிக்கொண்டு உண்போர் நம் பக்கத்தில் பலர். நித்தியகல்யாணியும் செடிதான், அதன் மருந்து அளவு மீறினால் நரம்பைக் கெடுக்கும், உயிரையும் வாங்கும். மணிமருந்தை அளந்து கையாளும் சிவகாசித் தொழிலாளிக்கு அளவின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அளவறியாச் சாற்றைப் புற்றுநோயாளிக்குக் கொடுத்தால் எலி தப்பும். அதனிடத்தில் நோயாளி நிற்பார். பிரமத்த யோகத்தால், அதாவது விழிப்பின்மையால், உயிரைச் சிதைப்பதே இம்சை என்று உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் இலக்கணம் வகுத்திருக்கிறார். இது அதிலிருந்து தப்புமா?

இன்று முதற்கட்டச் சோதனை, தட்டில் வளர்த்த புற்று உயிரணுக்களின்மீது நடைபெறுகிறது. சாறு பட்டபின் எத்தனை உயிரணுக்கள் பிழைத்தன என்பதை நிறமாற்றத்தால் அறிவர். இயல்பான உயிரணுக்களையும் உடன் சோதித்தால் சாற்றின் தீங்கும் ஓரளவு தெரியும். விலங்குக்கு மாற்றான இத்தகைய முறைகளுக்கு இந்திய அரசு 2023 மார்ச்சில் மருந்து விதிகளைத் திருத்தி இடமளித்தது. மகிழத்தக்க செய்தியே. ஆயினும் அவ்வுயிரணுக்களை வளர்க்கும் ஊட்டநீரில் பெரும்பாலும் கருக்கன்றின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம் கலக்கிறார்கள். இறைச்சிக்கூடத்தில் வெட்டுண்ட சினைப்பசுவின் வயிற்றுக் கன்று அது! 'எலியைக் காத்தோம்' என்று நிம்மதி கொள்வோர் பலர் இதனை அறியார்.

மருந்தின் பொருட்டும் ஊன் ஆகாது என்று வாதிட்டுக் கல்யாணகாரகம் இயற்றிய உக்கிராதித்தர் மரபு நம்முடையது. சீரம் கலவாத ஊட்டநீர் இப்போது கிடைக்கிறது. எல்லா உயிரணுக்களுக்கும் அது பொருந்துவதில்லை. பொருந்தும் இடத்திலும் பழக்கத்தை மாற்றப் பொருளும் காலமும் வேண்டும். கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நன்கொடை வழங்கும் நம்மவர், ஆய்வுக்கூடத்தில் எலி உண்டா என்று வினவுவதோடு ஊட்டநீரில் என்ன கலக்கிறார்கள் என்றும் வினவலாம். மாற்று நீருக்காகும் கூடுதல் செலவைத் தாமே ஏற்கலாம்.