நவம்பரில் பிறந்தவர்

1870-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் பிறந்த இடம் நாசாவ். 1880-இல் பிரஷ்யா. 1900-இல் ஜெர்மனி. 1920-இல் அல்சாஸ். நான்கிலும் அதே ஆள், அதே மனைவி, பென்சில்வேனியாவில் அதே தெரு. பிறந்த ஊர் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இந்தத் தாள்களை என்னிடம் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டில் குடியிருக்கும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அந்த மனிதர் அவருடைய கொள்ளுத்தாத்தா. ஜெர்மனியில் படித்த காலத்தில் பழைய ஜெர்மன் கையெழுத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியிருந்தேன். அந்த எழுத்துமுறையில் 'e' என்ற எழுத்து 'n' மாதிரியே இருக்கும். பழக்கமில்லாத கண் ஒரு பெயரைக் குதறிவிடும். அதனால்தான் என்னைத் தேடி வந்தார். குடும்பப் பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நிபந்தனை போட்டார். இங்கும் அதை மீறப்போவதில்லை.

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். அந்தப் பழமொழியில் பயம் இருக்கிறது என்று சின்ன வயதிலேயே தோன்றும். தோண்டினால் ஏதாவது அசிங்கம் கிடைக்கும் என்ற பயம். இந்த ஜெர்மானியக் குடும்பத்தின் காகிதங்களைப் பார்த்த பிறகு வேறு விதமாகத் தோன்றுகிறது. அசிங்கம் கிடைத்தாலும் பரவாயில்லை, அது ஒரு பதில். இங்கே கிடைப்பதோ ஒன்றோடொன்று ஒட்டாத நாலைந்து பதில்கள்.

முதல் மூன்று கணக்கெடுப்புகளிலும் யாரும் பொய் சொல்லவில்லை. நாசாவ், டியூக் ஒருவர் ஆண்ட தனிச் சிறு நாடு. 1866 போரில் ஆஸ்திரியாவின் பக்கம் நின்றதால் பிரஷ்யா அதை விழுங்கிவிட்டது. 1871-இல் பிரஷ்யாவின் தலைமையில் ஜெர்மன் பேரரசு உருவானது. அவர் பிறந்த வீடு நின்ற இடத்திலேயே நின்றது; அதை ஆண்டவர்கள்தான் மாறினார்கள்.

நான்காவது பதில் அப்படிப்பட்டதல்ல. நாசாவிலிருந்து பார்த்தால் அல்சாஸ் எங்கோ தெற்கே, ரைனுக்கு அக்கரையில். ஆனால் முதல் உலகப் போர் முடிந்ததும் அது பிரான்ஸிடம் திரும்பியிருந்தது. அல்சாஸ்காரர் என்றால் வீட்டில் ஜெர்மன் பேசுவதற்கும் காரணம் கிடைக்கும், எதிரி நாட்டான் என்ற பழியும் வராது. 1918-இல் அயோவா மாநில ஆளுநர் ஹார்டிங், ரயிலிலும் தொலைபேசியிலும்கூட அந்நிய மொழி பேசக் கூடாது என்று பிரகடனம் போட்டார். அதே ஆண்டு இல்லினாய் மாநிலத்துக் காலின்ஸ்வில் ஊரில் ராபர்ட் பிரேகர் என்ற ஜெர்மானியரை ஒரு கும்பல் தூக்கில் தொங்கவிட்டது. உணவகங்களில் ஜெர்மானியர்களின் புளித்த முட்டைக்கோஸைச் 'சுதந்திர முட்டைக்கோஸ்' என்று அழைத்த காலம் அது. இரண்டு வருடம் கழித்து வாசலில் வந்து நின்ற அரசாங்க ஆளிடம் அந்த வீட்டில் யாரோ அல்சாஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். கிழவர் தானே சொன்னாரா, மகள் முந்திக்கொண்டாளா, படிவத்தில் தெரியாது.

இந்த வழக்கம் சாதாரணக் குடும்பங்களோடு நின்றுவிடவில்லை. டொனால்ட் டிரம்பின் தாத்தா ஃபிரெடரிக், ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதியின் கால்ஸ்டாட் கிராமத்திலிருந்து 1885-இல் பதினாறு வயதில் நியூயார்க் வந்திறங்கியவர். 1987-இல் வெளிவந்த பேரனின் புத்தகத்தில் அவர் ஸ்வீடன்காரராக இருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வீட்டைக் காப்பாற்றிய கதை, போர் முடிந்து நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அச்சேறுகிறது.

கொள்ளுத்தாத்தாவின் தாள்களோடு பல மாலைகள் உட்கார்ந்த பிறகு என் கேள்வி மாறிவிட்டது. எந்தப் பதிவு உண்மை என்று கேட்பதை விட்டுவிட்டு, இதைக் கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

அமெரிக்காவுக்கு வந்த ஜெர்மானியர்களைப் பற்றிய பழைய பட்டியல்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் அவை பேச ஆரம்பிக்கின்றன. 1709-இல் பாலட்டினேட் பகுதியிலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும் ஏறத்தாழ 13,000 பேர் லண்டனில் போய்க் குவிந்தார்கள். அவர்களில் சுமார் 3,000 பேரை, கடற்படைக்குத் தார் காய்ச்ச என்று சொல்லி, மறு ஆண்டு நியூயார்க் காலனிக்கு அனுப்பினார்கள். அந்தக் காலனியின் ஆளுநர் ஹண்டர் வைத்திருந்த கணக்கில் குடும்பத் தலைவரின் பெயர், பத்து வயதுக்கு மேற்பட்டவர் எத்தனை, கீழ்ப்பட்டவர் எத்தனை, அவ்வளவுதான். அவருக்குத் தெரிய வேண்டியது எத்தனை வாய்க்கு ரொட்டி என்பது. பிள்ளைகளின் பெயர் தேவைப்படவில்லை. 1727 முதல் பிலடெல்பியா துறைமுகத்தில் வேறொரு பயம். இத்தனை அந்நியர்கள் வந்து இறங்குகிறார்களே, இவர்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பார்களா? எனவே பதினாறு வயதைத் தாண்டிய ஆண்கள் மட்டும் வரிசையில் நின்று விசுவாசப் பிரமாணம் செய்தார்கள். பெண்களின் விசுவாசத்தைப் பற்றி யாரும் கவலைப்படாததால் பெரும்பாலான பெண்கள் அந்தக் கடலைத் தாண்டி வந்ததற்குப் பெயரளவில் ஓர் அத்தாட்சிகூட இல்லை. கப்பல் தலைவர் கொடுத்த பட்டியலில் பெயர்கள் ஆங்கிலக் காதில் விழுந்தபடி இருக்கும். பிரமாணப் பட்டியலில் எழுதத் தெரிந்தவர்களின் சொந்தக் கையெழுத்து இருக்கும். ஒரே கப்பல், ஒரே ஆள், இரண்டு பெயர். 1918-இல் ஜெர்மனிக்கு எதிராக அமெரிக்கப் படைகளை நடத்திய ஜெனரல் பெர்ஷிங்கின் மூதாதை, இந்தத் துறைமுகத்தில் ஃபெர்ஷின் என்ற பெயரோடு இறங்கிய ஜெர்மானியர்.

இந்தக் குடும்பத்துக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. கொள்ளுத்தாத்தா பிரேமன் துறைமுகம் வழியாக வந்தார் என்பது வீட்டுப் பேச்சு. பயணிகளின் சொந்த ஊர் எழுதப்பட்ட பிரேமன் பட்டியல்களை, வைக்க இடமில்லை என்று 1875-லிருந்து அந்த நகரத்தாரே அழிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்கக் கரையின் வருகைப் பட்டியல்களிலோ அவர் பெயரில் பலர் இருக்கிறார்கள். இவர்தான் என்று ஒருவரையும் கைகாட்ட முடியவில்லை.

ஆகவே குடும்பம் சொந்த ஊர் என்று சொல்லிவந்த நாசாவ் கிராமத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் போனோம். அங்கே ஒரே பெயரில் இரண்டு பையன்கள். ஒருவன் 1844 மார்ச்சில் பிறந்தவன், மற்றவன் 1846 நவம்பரில். பெற்றோர் வேறு, ஞானத்தந்தை ஒருவரே. அவர் பெயரையே இருவருக்கும் வைத்திருக்கிறார்கள். இருவரும் பதினான்கு வயதில் திடப்படுத்தல் பெற்றிருக்கிறார்கள், எனவே இருவரும் பிழைத்தவர்கள். அதற்குப் பிறகு ஊர்ப் பதிவேட்டில் இருவருமே இல்லை.

கல்லறைக் கல்லில் 1844. ராணுவப் பென்ஷன் கோப்பிலும் 1844. 1921-இல் எழுதிய இறப்புச் சான்றிதழிலும் 1844. மூன்று சாட்சிகள் ஒரே குரலில் பேசுகின்றன என்று ஆசிரியை மகிழ்ந்தார். மூன்றும் ஒரே சாட்சி என்பதுதான் சங்கடம். இறப்புச் சான்றிதழில் இறந்த தேதியைச் சொன்ன மகள் படுக்கையருகே இருந்தவள். பிறந்த ஆண்டைச் சொன்ன மகள், அப்பா சொல்லிக் கேட்டவள். ஒரே தாளில் ஒரே வாய் சொன்னது என்றாலும் இரண்டுக்கும் ஒரே மதிப்பு கொடுக்க முடியாது. கல்லறைக் கல்லுக்கு வாசகம் கொடுத்தவளும் அவள்தான்.

பென்ஷன் கோப்புதான் வழி காட்டியது. அவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863-இன் தொடக்கத்தில் சேர்ந்தவர். அதற்கு முந்திய ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது: பதினெட்டு வயது நிரம்பாதவரைப் படையில் சேர்க்கக் கூடாது, ஆனால் சேர வருபவர் சத்தியம் செய்து சொல்லும் வயதே முடிவான வயது. இதைவிட அழகாக ஒரு சட்டம் பொய்க்குக் கதவைத் திறந்துவைக்க முடியாது. பையன்கள் காலணிக்குள் '18' என்று எழுதிய காகிதத்தைப் போட்டுக்கொண்டு, "பதினெட்டுக்கு மேல்தான் நிற்கிறேன்" என்று மனச்சாட்சிக்குச் சேதமில்லாமல் சொன்னதாக ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, நல்ல கதை. நம்மவர் சத்தியம் செய்து சொன்ன வயது பதினெட்டு.

அவர் மார்ச்சில் பிறந்தவரா, நவம்பரில் பிறந்தவரா? மார்ச் 1844 என்றால் உண்மை பேசியவர். நவம்பர் 1846 என்றால் பதினாறு வயதில் சத்தியம் செய்து பொய் சொன்னவர்.

1900-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மட்டும் பிறந்த மாதத்தையும் ஆண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் கட்டத்தில் எழுதியிருப்பது: நவம்பர் 1844. அப்படி ஒரு குழந்தை அந்தக் கிராமத்தில் பிறக்கவே இல்லை. ஆண்டு ஒரு பையனுடையது, மாதம் மற்றவனுடையது. நான் வாசிக்கிற விதம் இது: தேவைப்பட்டதை மாற்றினார், தேவைப்படாததை மாற்றவில்லை. ராணுவத்துக்கு இரண்டு வருடம் வேண்டியிருந்தது, கொடுத்தார். மாதத்தை அங்கே யாரும் கேட்கவில்லை. அது அவரிடமே இருந்தது.

பாலட்டினேட் குடும்பங்களைப் பற்றி 1985-இல் பெரிய நூல் வெளியிட்ட ஹென்றி ஜோன்ஸ், 847 குடும்பங்களின் மூலத்தைத் தேடியவர். ஒருவரைத் தேடும்போது அவருடைய அயலாரைத் தேடு, ஞானப்பெற்றோராக நின்றவர்களைத் தேடு என்பது அவர் வழி. ஊர்க்காரர்கள் கடலைத் தாண்டியும் ஊர்க்காரர்களோடுதான் குடியிருந்தார்கள். பென்சில்வேனிய லுத்தரன் சபைகளின் பதிவேடுகள் இதற்கு நன்றாகக் கைகொடுக்கும். நம் ஆளின் மூத்த குழந்தைக்கு ஞானத்தாயாக நின்ற பெண்ணின் குடும்பப் பெயர், நவம்பர்ப் பையனுடைய தாயின் பிறந்த வீட்டுப் பெயர். அந்தக் கிராமத்தில் நிறையப் பேருக்கு அந்தப் பெயர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் 1846 பக்கம் சாய்கிறேன். நீதிமன்றத்தில் சத்தியம் செய்யச் சொன்னால் தயங்குவேன்.

"அப்போ அவர் பொய்யர்" என்றார் ஆசிரியை. குரலில் வருத்தம். பள்ளிக்கூடத்தில் பல ஆயிரம் பிள்ளைகளின் வயதைப் பதிவேட்டில் எழுதியவர்.

பொய்யர்தானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பதினாறு வயதில் ஓர் அலுவலரிடம் சொன்னதை அவர் பிறகு திருமணத்தில் சொல்ல வேண்டியிருந்தது, மகளிடம் சொல்ல வேண்டியிருந்தது, பென்ஷன் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்றில் மாற்றினால் மற்றதெல்லாம் சரிந்துவிடும். ஐம்பத்தெட்டு ஆண்டு ஒருவர் ஒரு வயதைச் சுமந்து நடந்தால், மகள் அந்த வயதுக்குப் பிறந்தநாள் கொண்டாடினால், அது எப்போது பொய்யாக இருப்பதை நிறுத்துகிறது? அல்சாஸ் அப்படிப்பட்டதல்ல, அது ஒருநாள் வாசலில் சொன்ன பொய், அடுத்த நாள் மறந்திருக்கலாம். 1844 அவருடைய வாழ்க்கையாகவே ஆகிவிட்டது.

முரண் எதுவுமே இல்லாத வம்சாவளிகளும் இருக்கின்றன. 1863-இல் ஸ்வீடனில் பிறந்து நியூயார்க்கில் தொழில் நடத்திய குஸ்டாவ் ஆன்ஜூ, பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்கு ஐரோப்பியப் பிரபு வம்சம் வரை பிசிறில்லாமல் போகும் மரங்களைச் செய்து கொடுத்தார். உண்மையான ஆவணங்களுக்கு நடுவே, இணைப்பு அறுந்த இடத்தில் ஓர் உயிலையோ திருமணப் பதிவையோ கற்பனையாகச் சொருகுவது அவர் முறை. ஆன்ஜூ என்பதும் அவருடைய பிறவிப் பெயரன்று. அவர் செய்த மரங்கள் இன்னும் பல குடும்பங்களின் கூடத்தில் இருக்கின்றன.

அதைவிடக் கொடிய ஒழுங்கும் உண்டு. 1933-இல் நாஜி அரசு, அரசுப் பணியாளர்களிடம் 'ஆரிய' வம்சத்துக்கு அத்தாட்சி கேட்டது. பின்னர் அது வழக்கமான ஆவணமாகவே ஆனது: தனக்கும் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ஏழு பிறப்பு அல்லது ஞானஸ்நானச் சான்று, மூன்று திருமணச் சான்று. எஸ்.எஸ். படை அதிகாரிகளானால் 1750 வரை பின்னோக்கிப் போக வேண்டும். போதகர்கள் இதே பதிவேடுகளைத் திறந்து இதே வரிகளைப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். மதம் மாறி ஞானஸ்நானம் பெற்ற ஒரு யூதப் பாட்டியின் பெயர் அதில் கிடைத்தால் பேரனுக்கு வேலை போனது. பிறகு வேலையோடு நிற்கவில்லை. நாசாவ் பதிவேட்டின் பக்கத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது, இந்த வரியை எனக்கு முன்னால் யார், எதற்காக விரல் வைத்துத் தேடினார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. சில பெயர்களின் அடியில் பிற்காலத்துப் பென்சில் கோடுகள் இருந்தன. அவை யாருடையவையோ.

சில வாரம் கழித்து ஆசிரியை ஒரு கணக்கோடு வந்தார். அறுபத்திரண்டு வயதானாலே மாதம் 12 டாலர் பென்ஷன் என்று 1907 பிப்ரவரியில் சட்டம் வந்ததும் கொள்ளுத்தாத்தா விண்ணப்பித்திருக்கிறார். நிஜ வயதின்படி 1908 நவம்பரில்தான் தகுதி. "இருபத்தொரு மாசம், 252 டாலர்" என்றார். "அரசாங்கத்துக்கு எங்க குடும்பம் பாக்கி." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வருத்தம் கரைந்திருந்தது என்று நினைக்கிறேன்.

குடும்ப மரத்தை இணையத்தில் பராமரிப்பவர் அவருடைய தங்கை மகன். 1844-ஐ 1846 ஆக்கச் சொன்னால் அவர் ஒப்பவில்லை. வேறு எத்தனையோ உறவினர்களின் மரங்களில் 1844தான் இருக்கிறதாம். அவையெல்லாம் இவருடைய மரத்தைப் பார்த்து எழுதியவை என்று ஆசிரியை விளக்கிப் பார்த்தார். கடைசியில் அந்த இளைஞர் இரண்டு தரப்பையும் திருப்திப்படுத்தும் ஒரு வழி கண்டுபிடித்தார். இப்போது அந்த மரத்தில் ஒரே பெயரில் இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள்: அண்ணன் 1844, தம்பி 1846, இருவரும் உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர்கள். தம்பிக்கு வாரிசு இல்லை. நேற்று பார்த்தேன், அந்தத் தம்பியை இன்னொரு குடும்பம் தங்கள் மரத்தில் எடுத்துக்கொண்டுவிட்டது.